இரத்த ஓட்ட மண்டலத்தைப் படிப்பது எப்படி: தாளில் வரைந்தும் உடலில் தொட்டறிந்தும்

மனித உடலின் இரத்த ஓட்ட மண்டலத்தைப் படிக்க முற்படுபவர்கள் பெரும்பாலும் தமனிகள், சிரைகள் ஆகியவற்றின் பெயர்ப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். தேர்வு முடிந்த சில வாரங்களில் அந்தப் பட்டியல் மறந்தும் போகிறது. இந்த மண்டலம் ஒரு மூடிய சுற்று என்பதால் இதில் எந்த இரத்த நாளமும் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொன்றும் ஓரிடத்திலிருந்து இரத்தத்தை வாங்கி இன்னோரிடத்தில் சேர்க்கிறது. ஆகவே ஒரு நாளத்தின் பெயரைக் கற்கும்போதே, அதற்குள் வரும் இரத்தம் எங்கிருந்து வருகிறது, அடுத்து எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவ்வாறு படிப்பதற்குரிய வழியை இங்கே விளக்குகிறேன். இதற்கு வெள்ளைத்தாள், சிவப்பு மற்றும் நீல நிறப் பென்சில்கள், நொடிமுள் உள்ள ஒரு கடிகாரம் ஆகியவை போதும்; தொட்டுப் பார்ப்பதற்கு உங்கள் சொந்த உடல் இருக்கிறது.

முதலில் சுற்றை வரையுங்கள்

தாளின் நடுவில் ஒரு பெரிய சதுரம் வரைந்து, அதை நெடுக்காக ஒரு கோட்டாலும் குறுக்காக ஒரு கோட்டாலும் நான்கு அறைகளாகப் பிரியுங்கள். மேலறைகள் இரண்டும் ஏட்ரியங்கள்; கீழறைகள் இரண்டும் வெண்ட்ரிக்கிள்கள். உடற்கூறியல் படங்கள் நம்மை நோக்கி நிற்கும் ஒருவரின் உடலாகவே வரையப்படுவதால், இதயத்தின் வலப்பக்கம் தாளின் இடப்பக்கத்தில் அமையும். அம்புக்குறிகளை இடுவதற்கு முன்பே இரு பக்கங்களிலும் 'வலது', 'இடது' என்று எழுதிவிடுங்கள். பின்னால் நேரும் குழப்பங்களில் பல இந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால் வருபவையே. சதுரத்துக்கு மேலே நுரையீரல்களுக்காக ஒரு பெட்டியையும், கீழே உடலின் பிற உறுப்புகளுக்காக ஒரு பெட்டியையும் வரைந்துகொள்ளுங்கள்.

இனி ஒரு துளி இரத்தத்தைத் தொடர்ந்து செல்லுங்கள். உடலிலிருந்து திரும்பும் இரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை ஆகிய இரண்டின் வழியாக வலது ஏட்ரியத்தை அடைகிறது. இதயத்தின் தசைக்குள்ளேயே ஓடிக் களைத்த இரத்தமும் கரோனரி சைனஸ் என்ற சிறிய வாய் வழியாக அதே அறையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிளுக்கும், நுரையீரல் வால்வைக் கடந்து நுரையீரல் தமனிக்கும், அதன் இரு கிளைகள் வழியாக நுரையீரல்களுக்கும் செல்கிறது. அங்கே கரியமில வாயுவை விட்டு ஆக்சிஜனை ஏற்றுக்கொண்ட பிறகு, பொதுவாக நான்கு நுரையீரல் சிரைகளின் வழியாக இடது ஏட்ரியத்துக்கு வந்து, ஈரிதழ் வால்வைக் கடந்து இடது வெண்ட்ரிக்கிளில் இறங்கி, பெருந்தமனி வால்வு வழியாகப் பெருந்தமனிக்குள் பாய்கிறது. உறுப்புகளுக்குள் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய நாளங்களைக் கடந்து, சிரைகளில் சேர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே மீள்கிறது.

இந்த வழியைத் தாளைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லும் வரை அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். வண்ணம் தீட்டும்போது ஒரு செய்தியைக் கவனியுங்கள். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலமும் நிறைந்த இரத்தத்துக்குச் சிவப்பும் தருவது மரபு. உண்மையில் உடலுக்குள் நீல இரத்தம் என்று எதுவும் இல்லை, ஆக்சிஜன் குறைந்தது அடர்சிவப்பாக இருக்கும், அவ்வளவே. இந்த மரபின்படி நுரையீரல் தமனி நீலமாகவும் நுரையீரல் சிரைகள் சிவப்பாகவும் அமையும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்தை நோக்கிக் கொண்டுவருவது சிரை என்று திசையை வைத்தே பிரித்தறியும் ஒருவருக்கு இதில் எந்தத் தடுமாற்றமும் வராது.

இதயத்தை மார்பின் மேல் கண்டறியுங்கள்

கழுத்தின் அடிக்குழியில் விரலை வைத்து மார்பெலும்பின் மேல் மெல்லக் கீழே இறக்குங்கள். சில சென்டிமீட்டர் தொலைவில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேற்பகுதியும் நடுப்பகுதியும் சேரும் இந்த மேட்டின் இருபுறமும் இரண்டாவது விலா எலும்பு வந்து இணைகிறது. முதல் விலா எலும்பு காரை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால், விலா எலும்புகளை எண்ணத் தொடங்குவதற்கு இதைவிட நம்பகமான இடம் இல்லை. பெருந்தமனியின் வளைவு தொடங்குவதும் முடிவதும் இதே மட்டத்தில்தான் என்பதையும் இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது விலா எலும்பிலிருந்து இடப்பக்கமாகக் கீழே எண்ணி, ஐந்தாவது விலா எலும்புக்கும் ஆறாவதற்கும் இடைப்பட்ட வெளியை அடையுங்கள். இடது காரை எலும்பின் நடுப்புள்ளியிலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அந்த வெளியைத் தொடும் இடத்தில், அல்லது அதற்குச் சற்று உட்புறமாக, உள்ளங்கையை வைத்தால் இதயத்தின் நுனி மார்புச் சுவரில் மோதுவது தெரியும். தெரியாவிட்டால் சற்று முன்னால் சாய்ந்து உட்காருங்கள், அல்லது இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். மேலே இரண்டாவது விலா எலும்பு, கீழே இந்த நுனி ஆகியவற்றுக்கு இடையே, மூடிய கைப்பிடி அளவில், ஏறத்தாழ 250 முதல் 350 கிராம் எடையுடன் இதயம் சாய்வாக அமைந்துள்ளது. அதன் மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம் இருக்கிறது. மீதி வலப்புறம் இருக்கிறது.

தாளில் நீங்கள் வரைந்த சதுரத்தை இங்கே ஒருமுறை திருத்த வேண்டும். இதயம் நேராக நிற்காமல் திரும்பியும் சாய்ந்தும் இருப்பதால், மார்பெலும்புக்கு நேர் பின்னால் பெரும்பகுதி வலது வெண்ட்ரிக்கிள்தான் இருக்கிறது. இடது ஏட்ரியம் எல்லாவற்றுக்கும் பின்னால், உணவுக்குழாயை ஒட்டி இருக்கிறது. அந்த அறை பெரிதாக வீங்கினால் சிலருக்கு உணவு விழுங்குவதே கடினமாவதன் காரணம் இந்த அண்மைதான். முழு இதயத்தையும் பெரிகார்டியம் என்ற இரட்டைச் சவ்வுறை மூடியுள்ளது. அதன் அடுக்குகளுக்கு இடையிலுள்ள சிறிதளவு திரவம், ஓயாத அசைவில் உராய்வு நேராமல் காக்கிறது.

சுவர்களும் வால்வுகளும்

நான்கு அறைகளின் சுவர்த் தடிமனை ஒப்பிட்டுப் படிப்பது பயன் தரும். ஏட்ரியங்கள் அருகிலுள்ள கீழறைகளுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளுவதால் அவற்றின் சுவர் மெல்லியது. வலது வெண்ட்ரிக்கிள் நுரையீரல் வரைதான் தள்ள வேண்டும். அதற்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். இடது வெண்ட்ரிக்கிளோ உடல் முழுவதற்கும் தள்ள ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் அழுத்தத்தை உருவாக்க வேண்டியிருப்பதால், அதன் சுவர் வலப்பக்கத்தைப் போல மூன்று மடங்கு தடிமனாக வளர்ந்துள்ளது. ஆய்வகத்தில் விலங்கின் இதயத்தை அறுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், கத்தியை எடுக்கும் முன் இரு பக்கங்களையும் விரல்களால் அழுத்திப் பாருங்கள்; இறுக்கமாக எதிர்த்து நிற்பது இடப்பக்கம்.

இரு வெண்ட்ரிக்கிள்களுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்றும், இரத்தம் அவற்றின் வழியாகவே வலமிருந்து இடம் கசிகிறது என்றும் பண்டைய கிரேக்க மருத்துவர் காலென் காலத்திலிருந்து நெடுநாள் நம்பப்பட்டது. அத்தகைய துளைகள் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் செல்கிறது என்று 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் எழுதினார். நீங்கள் முதலில் வரைந்த படத்தின் மேல்பாதி, அதாவது நுரையீரல் சுற்று, அவர் கண்டு சொன்னது.

ஏட்ரியத்துக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள மூவிதழ், ஈரிதழ் வால்வுகளின் இதழ்விளிம்புகளை நார்போன்ற கார்டா டென்டினே இழைகள் பற்றியுள்ளன. அந்த இழைகள் வெண்ட்ரிக்கிளின் சுவரிலிருந்து எழும் பாப்பில்லரி தசைகளில் முடிகின்றன. இந்தத் தசைகள் வால்வைத் திறப்பதற்காக உள்ளவை என்று பலர் எண்ணுகிறார்கள். வால்வைத் திறப்பதும் மூடுவதும் இரத்தத்தின் அழுத்த வேறுபாடே. வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது மூடிய இதழ்கள் மேலறைக்குள் பிதுங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பதே தசைகளின் வேலை. பெருந்தமனி, நுரையீரல் தமனி ஆகியவற்றின் வாயில் உள்ள அரைச்சந்திர வால்வுகளுக்கு இத்தகைய இழைகள் கிடையாது. ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று பை போன்ற இதழ்கள் பின்னோக்கி வரும் இரத்தத்தால் நிரம்பி ஒன்றையொன்று தொட்டு வழியை அடைத்துக்கொள்கின்றன.

ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் நான்கு இடங்களில் வைத்துக் கேளுங்கள்: மார்பெலும்புக்கு வலப்புறம் இரண்டாவது விலா இடைவெளி பெருந்தமனி வால்வுக்கும், அதே இடைவெளியின் இடப்புறம் நுரையீரல் வால்வுக்கும், மார்பெலும்பின் கீழ்முனையின் இடப்புறம் மூவிதழ் வால்வுக்கும், முன்பு கண்ட நுனித்துடிப்பின் இடம் ஈரிதழ் வால்வுக்கும் உரியவை. இவை வால்வுகளுக்கு நேர் மேலே உள்ள இடங்கள் அல்ல. இரத்தம் பாயும் திசையில் ஒலி சென்று தெளிவாகக் கேட்கும் இடங்கள். முதலில் வரும் சற்று நீண்ட 'லப்' ஒலி ஏட்ரிய வெண்ட்ரிக்கிள் வால்வுகள் மூடுவதாலும், அடுத்து வரும் குறுகிய 'டப்' ஒலி அரைச்சந்திர வால்வுகள் மூடுவதாலும் எழுகின்றன.

இதயத்துக்கு வேண்டிய இரத்தத்தைத் தருபவை, பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் வலது, இடது கரோனரி தமனிகள். இடது தமனி விரைவில் இரண்டாகிறது: ஒரு கிளை இதயத்தின் முன்புறப் பள்ளத்தில் நுனியை நோக்கி இறங்குகிறது, மற்றொன்று இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னே செல்கிறது. இதயத் தசை சுருங்கும்போது தனக்குள் ஓடும் நாளங்களையே நெரிப்பதால், இடது வெண்ட்ரிக்கிளின் தசை பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்திலேயே இரத்தம் பெறுகிறது. துடிப்பின் வேகம் மிகக் கூடும்போது குறைவது இந்தத் தளர்வு நேரமே.

மின்தூண்டலின் பாதையைச் சுருக்கமாகக் குறித்துக்கொண்டால் போதும். வலது ஏட்ரியத்தின் மேற்பகுதியில் உள்ள சைனோ ஏட்ரியல் கணுவில் எழும் தூண்டல், ஏட்ரியங்களில் பரவி, ஏட்ரியோ வெண்ட்ரிக்குலார் கணுவில் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து, ஹிஸ் கற்றை, அதன் இரு கிளைகள், பர்கின்ஜி இழைகள் ஆகியவற்றின் வழியாக வெண்ட்ரிக்கிள்களை அடைகிறது. அந்தச் சிறு தாமதத்தில்தான் மேலறைகள் தம்மிடம் மீதமுள்ள இரத்தத்தைக் கீழறைகளுக்குள் செலுத்தி முடிக்கின்றன.

தமனிகளை விரலால் தொடருங்கள்

புதிய தாளில் பெருந்தமனியை ஒரு வளைந்த கைத்தடி வடிவில் வரையுங்கள். மேலேறும் பகுதியிலிருந்து கரோனரி தமனிகள். வளைவிலிருந்து வலமிருந்து இடமாக பிரேக்கியோசெஃபாலிக் தமனி, தலைக்குச் செல்லும் இடது பொதுக் கெரோட்டிட் தமனி, கைக்குச் செல்லும் இடது சப்கிளேவியன் தமனி. பிறகு மார்பின் பின்சுவரை ஒட்டி இறங்கும் பகுதி. அது பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் நுழைந்து, இரைப்பை, கல்லீரல், குடல், சிறுநீரகங்கள் ஆகியவற்றுக்குக் கிளைகளைத் தந்து, தொப்புள் மட்டத்துக்கு அருகே, நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் முன்னால், கால்களை நோக்கி இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கக் கைக்கும் தலைக்கும் ஒரே கிளை புறப்பட்டுப் பிறகு பிரிவதும், இடப்பக்கத்தில் இரண்டும் தனித்தனியே புறப்படுவதும் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் வேறுபாடு.

இந்தப் படத்தை இனி உடலில் சரிபார்க்க வேண்டும். பெருவிரலுக்கே தெளிவான துடிப்பு இருப்பதால் அதைத் தவிர்த்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பயன்படுத்துங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில், பெருவிரலின் பக்கமாகத் தட்டுப்படும் தசைநாணுக்கு வெளிப்புறத்தில் ரேடியல் தமனி எலும்பின் மேல் ஓடுகிறது. முழங்கை மடிப்பில் இருதலைத்தசையின் தசைநாணுக்கு உட்புறம் பிரேக்கியல் தமனி இருக்கிறது. இரத்த அழுத்தம் அளக்கும்போது காது கொடுத்துக் கேட்பது இதன் ஒலியைத்தான். தொடை தொடங்கும் இடுப்பு மடிப்பின் நடுவில் தொடைத் தமனியும், கணுக்காலின் உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னால் பின்கால் தமனியும், பாதத்தின் மேற்புறத்தில் கட்டைவிரலை உயர்த்தும் தசைநாணுக்கு வெளிப்புறம் பாதமேல் தமனியும் கிடைக்கும். கடைசியாகச் சொன்னது நலமாக இருக்கும் சிலருக்கும் விரலில் அகப்படாது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

கழுத்துத் துடிப்பைத் தேடும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. குரல்வளைக்குப் பக்கவாட்டில் உள்ள பள்ளத்தில் பொதுக் கெரோட்டிட் தமனியை மெல்லத் தொட்டாலே போதும். அது இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன; அங்கே அழுத்தினால் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் ஒருபோதும் அழுத்தக் கூடாது. முதியவர்களின் கழுத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யவே வேண்டாம்.

அமைதியாக உட்கார்ந்து ஒரு நிமிடம் ரேடியல் துடிப்பை எண்ணி, அந்த எண்ணை 70 மில்லிலிட்டரால் பெருக்குங்கள். ஓய்வில் ஒரு துடிப்புக்கு இடது வெண்ட்ரிக்கிள் ஏறத்தாழ அந்த அளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது. துடிப்பு 72 என்றால் விடை ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். மேலும், ஒரு கையால் கழுத்துத் துடிப்பையும் மறுகையால் கணுக்கால் துடிப்பையும் சேர்த்து உணர்ந்தால், கணுக்காலில் அது சற்றே பின்தங்கி வருவது புலப்படும். விரலில் தட்டுவது தமனிச் சுவரில் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பரவும் அழுத்த அலை. இரத்தமோ பெருந்தமனியிலேயே அதைவிட மிக மெதுவாகத்தான் நகர்கிறது.

தந்துகிகளும் சிரைகளும்

தமனி, சிரை இரண்டின் சுவரும் மூன்று அடுக்குகளால் ஆனவை: உள்ளே வழவழப்பான மெல்லடுக்கு, நடுவில் தசையும் மீள்நாரும், வெளியே இணைப்புத்திசு. தமனியில் நடுவடுக்கு தடித்தது. சிரையில் அது மெலிந்து உட்புழை அகன்றிருக்கும். நுண்தமனிகளின் தசை சுருங்கித் தளர்வதே எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்பதை முடிவு செய்கிறது. தந்துகிச் சுவரில் ஒரே ஒரு செல் அடுக்குதான் உண்டு. அதன் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர், சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் என்பதால், பல இடங்களில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து நெளிந்தே கடக்கின்றன. தந்துகிகள் அனைத்தின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் பெருந்தமனியினுடையதைவிடப் பன்மடங்கு பெரிது. அதனாலேயே அங்கு ஓட்டம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்ந்து, பரிமாற்றத்துக்கு நேரம் கிடைக்கிறது. நகத்தை அழுத்தி வெளுக்க வைத்து விட்டுவிட்டால், ஓரிரு நொடிகளில் இளஞ்சிவப்பு திரும்புவது தந்துகிகள் மீண்டும் நிரம்புவதைக் காட்டும்.

சிரைகளைப் படிக்கும்போது ஓட்டத்தின் திசையிலேயே படிக்க வேண்டும். தமனி பிரிந்து பிரிந்து சிறுக்கிறது. சிரைகளோ கிளையாறுகள் ஒன்றுகூடிப் பேராறாவது போலச் சேர்ந்து சேர்ந்து பெருக்கின்றன. எனவே 'இது எதன் கிளை' என்று கேட்காமல் 'இது எதில் சேர்கிறது' என்று கேளுங்கள். ஓய்வில் இருக்கும் உடலின் மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் சிரைகளில்தான் இருக்கிறது.

அவற்றிலுள்ள வால்வுகளை அறுவை எதுவும் இன்றி உங்கள் கையிலேயே கண்டறியலாம். கையைச் சிறிது நேரம் கீழே தொங்கவிட்டு, மேற்கையில் ஒரு துணியை மிதமாகக் கட்டுங்கள். மணிக்கட்டுத் துடிப்பு நின்றுவிடும் அளவுக்கு இறுக்கக் கூடாது. முன்கையில் புடைத்து நேராக ஓடும் ஒரு சிரையைத் தேர்ந்து, விரல்களுக்கு அண்மையான முனையில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கிச் சிரையை வழித்து, வழித்த விரலை எடுத்துவிடுங்கள். வழித்த தொலைவுக்குள் ஒரு வால்வு இருந்தால், அதற்கு மேலே சிரை நிரம்பியும், வால்வுக்கும் அழுத்திய விரலுக்கும் இடையே வெறுமையாகவும் இருக்கும். மேலிருந்து இரத்தம் கீழே இறங்காது. அழுத்திய விரலை எடுத்தவுடன் அந்த இடம் கீழிருந்து நிரம்பிவிடும். பார்த்து முடித்ததும் துணியை அவிழ்த்துவிடுங்கள். தோலுக்கடியில் எளிதில் இரத்தம் கட்டிக்கொள்பவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி இரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. இந்த வால்வுகளை விவரித்தவர் இத்தாலியின் பதுவாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸ். ஆனால் அவர் அவற்றை இரத்தத்தின் வேகத்தைத் தணிக்கும் அமைப்பாகவே கருதினார். தமனிகளிலிருந்து சிரைகளுக்கு இரத்தம் செல்லும் வழி ஹார்வியின் கண்ணுக்கு எட்டவில்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1661இல், தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கி வழியாகக் கண்டு விவரித்தார் மார்செல்லோ மால்பிகி. வெறும் விரல்களைக் கொண்டு செய்யும் இச்சோதனை நானூறு ஆண்டுகளாக அதே விடையைத் தந்துகொண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

சிரைகளின் அமைப்பில் தமனிகளோடு ஒத்துப்போகாத இடங்களைத் தனியே குறியுங்கள். பிரேக்கியோசெஃபாலிக் தமனி வலப்பக்கம் மட்டுமே உண்டு. அதே பெயருடைய சிரையோ இரு பக்கமும் உண்டு, இடப்பக்கத்தது நீளமானது. சிறுநீரகங்களின் அருகே இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனியின் முன்னால் கடந்து வலப்புறமுள்ள கீழ்ப்பெருஞ்சிரையை அடைகிறது. வலது சிறுநீரகத் தமனியோ கீழ்ப்பெருஞ்சிரையின் பின்னால் கடக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமான விதிவிலக்கு கல்லீரல் போர்ட்டல் சிரை. குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் இரத்தம் நேராக இதயத்துக்குத் திரும்புவதில்லை. போர்ட்டல் சிரையில் சேர்ந்து, கல்லீரலுக்குள் இரண்டாம் முறையாக நுண்குழல்களாகப் பிரிந்து, அதன் பிறகே கல்லீரல் சிரைகள் வழியாகக் கீழ்ப்பெருஞ்சிரையை அடைகிறது. தந்துகிகளிலிருந்து திசுக்களில் கசிந்து எஞ்சும் திரவத்தை நிணநீர் நாளங்கள் திரட்டிக் கழுத்தின் அடியிலுள்ள பெரிய சிரைகளில் சேர்ப்பதையும் படத்தில் ஒரு மெல்லிய கோட்டால் காட்டிவிடுங்கள்.

வழிகளைச் சொல்லிச் சரிபாருங்கள்

கற்றது நிலைத்ததா என்று அறிய, இரண்டு இடங்களைத் தேர்ந்து அவற்றுக்கு இடையேயான முழு வழியையும் வெற்றுத்தாளில் எழுதுங்கள். இடது முழங்கை மடிப்பின் சிரையில் செலுத்திய மருந்து வலது சிறுநீரகத்தை அடையும் வழியை எடுத்துக்கொள்வோம்: கைச்சிரைகள், இடது சப்கிளேவியன் சிரை, இடது பிரேக்கியோசெஃபாலிக் சிரை, மேற்பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல், இதயத்தின் இடப்பக்கம், பெருந்தமனியின் நான்கு பகுதிகள், வலது சிறுநீரகத் தமனி. இதில் நுரையீரலை விட்டுவிட்டு எழுதினால் முதல் படத்துக்குத் திரும்புங்கள். அடுத்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்ட குளுக்கோஸ் மூளையை அடையும் வழியை எழுதுங்கள். கல்லீரல் இடம்பெறவில்லை என்றால் போர்ட்டல் சிரையை மீண்டும் படிக்க வேண்டும்.

இறுதியாக, காலின் ஆழ்சிரையில் உருவான ஓர் இரத்தக்கட்டி பெயர்ந்தால் எங்கே போய் அடைக்கும் என்று எழுதுங்கள். சிரைகள் வழிநெடுக அகன்றுகொண்டே போவதால் அது கீழ்ப்பெருஞ்சிரையிலும் வலப்பக்க அறைகளிலும் தடையின்றிச் சென்று, முதன்முதலாகக் குறுகும் நாளங்களான நுரையீரல் தமனியின் கிளைகளில் சிக்கும். மூளைக்குச் செல்ல அதற்குப் பொதுவாக வழியில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. கருவில் இருக்கும்போது இரத்தம் நுரையீரலைத் தவிர்த்துச் செல்வதற்காக இரு ஏட்ரியங்களுக்கும் இடையே ஒரு திறப்பு இருக்கிறது. பிறந்த பிறகு அது மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முற்றிலும் ஒட்டிக்கொள்வதில்லை. பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை என்றாலும், வலது ஏட்ரியத்தில் அழுத்தம் கூடும் வேளையில் ஒரு சிறு கட்டி அந்த வழியாக இடப்பக்கம் கடந்து, பெருந்தமனியையும் கெரோட்டிட் தமனியையும் அடைந்து பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும்.